முன்பல் ஒன்று குறைவு

"அண்ணே, மேல் செட்டுல முன்பல் ஒண்ணைக் காணோம்!"

பல் டாக்டரம்மா போனில் குரலை அடக்கித்தான் கத்தினார். எதிரே நாற்காலியில் ஏழு வயதுச் சிறுமி. பிறவியிலேயே வந்த அபூர்வ மரபணுக் கோளாறு. வாயில் கூம்பு போல இரண்டே பற்கள். மற்றவை முளைக்கவில்லை, முளைக்கப் போவதுமில்லை. மறுநாள் பள்ளி திறக்கிறது. இந்த வாயோடு அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"காணாமப் போகல. தனியா ஒரு பொட்டலத்துல இருக்கு பாருங்க," என்றார் லேபிலிருந்து பல் செட் செய்பவர்.

"ஒட்ட மறந்துட்டீங்களா?"

"இல்லையே. முதல்ல குழந்தைக்கு மாட்டிப் பாருங்க."

டாக்டரம்மா போனை வைத்தார்.

"ரெண்டு மாசம் காத்திருந்தது இந்த ஓட்டைப் பல்லுக்குத்தானா?" என்று சிறுமியின் அம்மா பல்லைக் கடித்தாள்.

வேறு வழியில்லாமல் டாக்டரம்மா மாட்டிவிட்டார். சிறுமி கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். இடைவெளி வழியே நாக்கை நீட்டினாள். உள்ளே இழுத்தாள். மறுபடி நீட்டினாள்.

"அம்மா! எனக்கும் பல்லு விழுந்துடுச்சு! எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் விழுந்துடுச்சு, நான்தான் பாக்கி!"

சிறுமி நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள்.

"என் ஸ்கூல் பை எங்கம்மா?"

அவர்கள் போனதும் டாக்டரம்மா மறுபடி போன் செய்தார்.

"எப்படிண்ணே தோணுச்சு?"

"வயசு ஏழுன்னு சீட்டுல நீங்கதானே எழுதியிருந்தீங்க? ஏழு வயசுல எந்தக் குழந்தைக்கு வாய் நிறையப் பல்லு இருக்கு? மூணு மாசம் கழிச்சு அனுப்புங்க, அந்த ஓட்டையில பாதி உயரத்துக்குப் பல்லு வைக்கிறேன். அப்புறம் முழுசு. முளைக்க நேரம் வேணாமா?"

"உங்களுக்குப் பெரிய புண்ணியம்ணே."

"புண்ணியமெல்லாம் இல்லீங்க," என்று அவர் போனை வைத்தார்.

பல வருடங்களுக்கு முன் இரண்டாம் வகுப்பில், முத்து முத்தாக முழுப் பல் செட்டோடு முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்த பக்கத்து இருக்கைச் சிறுமியிடம், "உனக்கு மட்டும் ஏன் ஒரு பல்லுகூட விழல? எல்லாம் பொய்ப் பல்லா?" என்று வகுப்பே சிரிக்கக் கேட்ட பையன் அவர்தான், மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கே வரவில்லை.