ஒற்றைப் பொத்தான்

பயன்படுத்துபவரின் தேவையைக் கேட்டறிந்து பொருளை வடிவமைக்கக் கற்றுத்தரும் டிசைன் திங்கிங் வகுப்பின் கடைசி நாளில், தனியாக வசித்த அப்பாவுக்காகத் தான் செய்த கருவியை அவள் மேசைமேல் வைத்தாள். ஒரே பொத்தான். அவர் அமுக்கினால் அவள் கைப்பேசிக்கு அழைப்பு போகும்.

"பெரியவர் என்ன சொன்னார்?" என்றார் பயிற்சியாளர்.

"நான் என்ன பெரிய ஆபீசரா, மணியடிச்சு ஆளைக் கூப்பிடன்னு கிண்டல் பண்ணார் சார். அப்புறம் பழகிட்டார்."

"அவசரத்துக்கு அமுக்கினாரா?"

"போன மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது தடவை."

"ஏன், வேலை செய்யலையா?"

"ஒன்பது அழைப்பும் வந்திருக்கு சார். நான் இங்க உக்காந்து, மத்தவங்க சொல்றதை எப்படிக் காதுகொடுத்துக் கேக்கணும்னு குறிப்பு எழுதிட்டிருந்தேன். போன் சைலன்ட்ல இருந்துச்சு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அப்போ மாத்த வேண்டியது உங்க போனைத்தான். மாத்திட்டு, அப்பாகிட்ட மறுபடி குடுத்துப் பாருங்க."

"மறுநாள் புதன்கிழமையே அவரை அடக்கம் பண்ணிட்டோம் சார்."