மாடியில் நிற்கும் படை

“மேல பூட்டிக் கெடக்கே, அந்த ரூம்ல என்ன இருக்கு?”

முத்துப்பாண்டி கேட்டபோது மாப்பிள்ளையின் அம்மா பாண்டீஸ்வரி காபித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். பேரையூரில் உரக்கடை வைத்திருக்கும் மனிதர். மகள் பவதாரிணிக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க, மனைவி முத்துமீனாவோடு அவனியாபுரம் வந்திருந்தார். வந்ததிலிருந்து அந்த மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பைக் காணோம்.

பழைய சாமான்தான் என்று பாண்டீஸ்வரி மழுப்பினாள். அதையும் பார்த்துவிடலாம் என்று அவர் படியேறிவிட்டார். மாப்பிள்ளைப் பையன் சித்தார்த் சாவியோடு பின்னால் ஓடினான்.

இன்று ஒரு நாள் அந்த அறையைத் திறக்காதே என்று அம்மா காலையிலேயே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். போன வருஷம் வந்த பெண் வீட்டார் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வயதில் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் போனதில் அவனுக்கு வருத்தமில்லை. பவதாரிணி விஷயம் வேறு. போனில் பேசிப் பேசி அவள் சிரிப்புக்கு அவன் பழகிப்போயிருந்தான். தன் பொம்மைப் படையைப் படம் எடுத்து அனுப்பியபோதும் அவள் சிரித்தாள், தனக்கும் வர்ணம் பூசக் கற்றுத்தரச் சொன்னாள். ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கும் பயம்.

கதவு திறந்தது. அறை நிறைய ஒரே மேஜை. அதில் செம்மண் மேடுகள், இடிந்த கோபுரங்கள். நடுவே விரலளவு சிப்பாய்கள் அணி அணியாக நின்றார்கள்.

“என்ன தம்பி இது?”

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு படையை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து நகர்த்திச் சண்டை போடும் விளையாட்டு என்று சித்தார்த் சொன்னான். கடையில் விற்கும் படைகள் எதுவும் அவன் மனசுக்குப் பிடிக்கவில்லை. மழையே பெய்யாத ஒரு கிரகத்தைக் கற்பனை செய்து, அதைக் காக்கும் காலாட்படையை அவனே கம்ப்யூட்டரில் வரைந்து, மிஷினில் அச்செடுத்து, ஒவ்வொருவனாக வர்ணம் பூசியிருந்தான். டாங்கி கிடையாது, பறக்கும் வண்டி கிடையாது. எல்லாரும் நடந்தே போகிறவர்கள். முதுகில் தண்ணீர்க் குடுவை, முகத்தில் புழுதிக்கு மறைப்பு.

முத்துப்பாண்டி ஒருவனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. இந்த ரூம் மழைக்கு ஒழுகுமா? ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் லீவுதானா? வேலை மாறி வெளியூர் போகிற எண்ணம் உண்டா? பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்கத்தானே செய்வார். சித்தார்த் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், குரல்தான் இறங்கிக்கொண்டே போனது.

“கல்யாணத்துக்கப்புறம் இதையெல்லாம் தூக்கிப் போட்டுருவீங்கள்ல?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே பூ வைத்துவிடுவார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டு நாளைக்குப் பவதாரிணியின் முகத்தில் எப்படி விழிப்பது?

“இல்ல மாமா. பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிருங்க. நான் இத விட மாட்டேன்.”

அவர் கையிலிருந்த சிப்பாயை மேஜையில் வைத்தார். நிலைப்படிவரை போய் நின்றார். கீழே முத்துமீனாவும் பாண்டீஸ்வரியும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், இறங்கிவிடுவார் என்று சித்தார்த் மனசைத் தேற்றிக்கொண்டான்.

முத்துப்பாண்டி கதவை உட்பக்கமாகச் சாத்திவிட்டு மேஜைக்குத் திரும்பினார். மீசை மெல்ல விரிந்தது.

“ஒங்க எடது பக்கம் காவலே இல்ல மாப்ள, என் படை ஆளுக அந்த வழியாத்தான் பூந்து வருவானுக,” என்றார் தணிந்த குரலில். “பாவம், கடையில உர மூட்டைக்குப் பின்னாடி மீனாவுக்குத் தெரியாம ஒளிஞ்சு கெடக்குறானுக. இம்புட்டுப் பெரிய மேஜை போட்டு வச்சிருக்கிற மாப்பிள்ளையத்தான் ரெண்டு வருசமா ஊர் ஊராத் தேடிக்கிட்டிருக்கேன்.”