நாற்பத்தொன்றாவது வசனம்

ஏரிக்கரை ஊரான தோணிரேவில் முரளி, ஏரியில் மீன்பிடிப்பதை வைத்து ஒரு செல்போன் விளையாட்டு செய்தான். அதில் கதை சொல்லும் குரலுக்குப் பொன்னேரி மேடைப் பேச்சாளர் 'சொற்கொண்டல்' விஜயராகவனைப் பிடித்தான். பட்டம் அவரே கொடுத்துக்கொண்டது. நாற்பது வசனம் பேசினார்.

ஏரியில் அவரவர் வலை போடும் முறைநாளுக்கு இங்கே பாடு என்று பெயர். சொற்கொண்டலுக்கு அது தெரியாது; துன்பம் என்று நினைத்துக்கொண்டார். "மீனவனே, உன் பாடு வந்ததே!" என்று சாவு வீட்டில் நிற்பவர்போல விம்மிவிட்டார். திருத்திப் பேசவும் மறுத்துவிட்டார். ஊரே விளையாடிச் சிரித்தது.

செவ்வாய்க்கிழமை காலை, டீக்கடையில் மீனவன் தருமன் செல்போனில் விளையாடும்போது அதே குரல் விம்மியது: "தருமா, உன் பாடு நாளைக்கு இல்லடா, இன்னிக்கு. ஓடு!"

முறைநாள் பட்டியலைப் பார்த்தால் இன்றுதான். விட்டிருந்தால் அடுத்த பாடு வர இருபது நாள். ஓடினவன், மதியம் கூடை நிறைய இறாலோடு வந்து முரளியைக் கட்டிக்கொண்டான்.

"இன்னா நைனா சொல்ற? அப்டி ஒரு வசனமே நான் பதியலியே!" முரளி சொற்கொண்டலுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுக் கேட்டான்.

"என் குரல்தானே? அப்போ நான் சொன்னதுதான். பேனர்ல போட்டுடு" என்றார் அவர்.

தருமன் சட்டைப்பையிலிருந்து அதே குரல் விம்மியது: "சொற்கொண்டல் அண்ணே, உங்க பாடு முடிஞ்சிது. இனிமே என் பாடு."