ஒச்சம்மாளின் தும்மல்

இன்னொரு தடவை தும்மினால் எறணாகுளத்திலிருந்து மோட்டார் வரவழைத்துவிடுவேன் என்று டைரக்டர் ஸ்ரீநாத் சொல்லிவிட்டுப் போனார்.

ஒச்சம்மாள் இருட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பத்து விரலிலும் நூலைச் சுற்றிக்கொண்டாள்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கு. அதற்குள் பேய்ப்படம். தாழ்வான மரமேடை மேல், காலால் துருத்தி மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று; ஆளே இல்லாமல் அது தானாக வாசிக்க வேண்டும். மேடைக்கு அடியிலிருந்து நூலை இழுத்துக் கட்டைகளைத் தாழ்த்துவது ஒச்சம்மாள். அவள் முதுகுக்குப் பின்னால் துருத்தியை மிதித்துக் காற்று கொடுப்பது ரமேஷ்பாபு. சுற்றிலும் கறுப்புத் துணி.

ஒச்சம்மாளுக்குச் சங்கீதம் தெரியாது. பள்ளுருத்தியில் பூக்கடை. அவள் சரம் தொடுக்கும் வேகத்தைப் பார்த்து அசந்துபோன ஸ்ரீநாத்தான், இந்த விரல்கள் போதும் என்று அழைத்து வந்தார். மெட்டை அவள் மாலையாகவே மனப்பாடம் செய்தாள். இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், ஒரு மரு, மறுபடி இரண்டு மல்லி.

“படத்துல பேர் போடும் சேச்சி” என்றிருந்தார் ஸ்ரீநாத்.

அன்று மாலைக்குள் பூக்கடை வரிசை முழுக்கச் செய்தி போய்விட்டது. அடுத்த கடை மாயம்மாள் மட்டும், “வரட்டும், பார்க்கலாம்” என்று சொல்லி மல்லிக்குத் தண்ணீர் தெளித்தாள். அவள் தண்ணீர் தெளித்த விதம் ஒச்சம்மாளுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நூலை இழுக்க மோட்டார் வந்துவிட்டால் பேர் இல்லை. மோட்டாருக்கு யார் பேர் போடுகிறார்கள்?

சுக்குத் தூள்தான் சனியன். ஒச்சம்மாளின் தும்மலும் ஊர்த் தும்மல் இல்லை. அவள் தும்மினால் பள்ளுருத்தியில் ஆட்டோக்காரர்கள் முதலில் பிரேக் போடுவார்கள், பிறகுதான் என்னவென்று பார்ப்பார்கள். ஏற்கெனவே இரண்டு ஷாட் அதில் போயிற்று. இரண்டாவது தும்மலுக்குக் கதாநாயகி நிஜமாகவே அலறினாள். அலறல் பிரமாதம். ஆனால் கதைப்படி அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

“தும்மல் வந்தா மூக்குக்கு அடியில விரலை வச்சு அழுத்து தம்பி” என்றாள் ஒச்சம்மாள், பின்னால் திரும்பாமலே. “என் கை ரெண்டும் நூல்ல கிடக்கு.”

“வச்சிரலாம் அக்கா. கடிச்சு வச்சிராதீங்க, அது போதும்.”

விளக்குகள் அணைந்தன. துணிக்கு அடியில் கொஞ்சநஞ்சம் இருந்த வெளிச்சமும் போயிற்று. பின்னால் ஏதோ உரசும் சத்தம். ரமேஷ்பாபு இடம் சரிசெய்கிறான் போலிருக்கிறது.

“ஆக்ஷன்.”

இரண்டு மல்லி. ஒரு கனகாம்பரம்.

ஒத்திகையில் அந்த ஆர்மோனியம் ஆஸ்துமாக்காரன் மாடி ஏறுவதுபோல் இழுத்தது. இப்போது அதற்கு நீளமாக மூச்சு வந்தது. அவள் நூலை மெதுவாக விட்டால் காற்றும் மெதுவாக அடங்கியது. பயல் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

கிடங்கில் ஒருவரும் அசையவில்லை. யாரோ எச்சில் விழுங்குவதுகூட மேடைக்கு அடியில் கேட்டது.

ஒரு மரு.

அப்போதுதான் வந்தது.

முதலில் கண்ணோரம் ஈரம். பிறகு மூக்கு நுனியில் ஒரு எறும்பு. எறும்பு மேலே ஏறியது. ஒச்சம்மாள் பல்லைக் கடித்தாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினாள். குலசாமியைக் கூப்பிட்டாள். குலசாமி உசிலம்பட்டியில் இருந்தது. வந்து சேர நேரமாகும்.

இரண்டு மல்லி. வாய் தானாகத் திறந்தது. நெஞ்சு நிறைந்து நின்றது.

விரல் வந்தது.

மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, சரியான இடத்தில், அழுத்தமாக. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மத்தி போலச் சில்லென்று இருந்தது.

தும்மல் வந்த வழியே திரும்பிப் போனது.

கடைசிக் கட்டை எழும்பும்வரை விரல் அங்கேயே இருந்தது. காற்றும் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

“கட்.”

கைதட்டல். லைட்மேன் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். “கலக்கிட்டீங்க சேச்சி, மோட்டாரும் வேண்டா ஒண்ணும் வேண்டா” என்று ஸ்ரீநாத்தின் குரல் கேட்டது.

ஒச்சம்மாள் துணியை விலக்கித் தவழ்ந்து வெளியே வந்தாள். ரமேஷ்பாபுவைப் பாராட்டலாம் என்று திரும்பினால், அவன் கிடங்கு வாசல் பக்கமிருந்து சாயா கிளாஸோடு வந்துகொண்டிருந்தான். மீன் திருடிய பூனையின் முகம்.

“அக்கா, சார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்றான் காதோரமாக. “லைட்டை அணைச்சதும் வயித்தைக் கலக்கிருச்சு. ஓடிட்டேன். வர்றதுக்குள்ள ஷாட் ஆரம்பிச்சாச்சு, கதவைச் சாத்திட்டாங்க. நல்லவேளை, துருத்தியையும் நீங்களே மிதிச்சீங்க.”

ஒச்சம்மாள் தன் கால்களைப் பார்த்தாள். சம்மணம் போட்டது போட்டபடி இருந்து இரண்டும் மரத்துப்போயிருந்தன. இப்போதுதான் ரத்தம் ஓடிக் குறுகுறுத்தது.

அவன் கையிலிருந்த சாயாவை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

“சேஃப்டிக்கு இன்னொரு டேக் கூட எடுக்கலாம்” என்றார் ஸ்ரீநாத்.

ரமேஷ்பாபு பாய்ந்து போய்க் கறுப்புத் துணியைத் தூக்கினான். உள்ளே இருட்டு அப்படியே இருந்தது.

ஒச்சம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் மூக்கு நுனியில் எறும்பு மறுபடி ஏறத் தொடங்கியது. மாயம்மாள் மல்லிக்குத் தண்ணீர் தெளிப்பதும் கண்முன் வந்தது.

அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“நீ இங்கயே நில்லு தம்பி. உள்ள மூணு பேருக்கு இடம் பத்தாது.”

தவழ்ந்து உள்ளே போனாள். துணியை இழுத்து மூடினாள். நூலை விரல்களில் சுற்றிக்கொண்டு, முகத்தை இருட்டுக்குள் சற்று முன்னால் நீட்டி வைத்துக் காத்திருந்தாள்.