மாதுளைக்குத் துணை

“யாரு வேலை இது?”

பல் டாக்டர் போட்ட சத்தத்தில் கண்காட்சி மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அவருடைய போன்சாய் மாதுளை மேடையில் அப்படியேதான் இருந்தது. முறுக்கிக்கொண்ட அடிமரம், ஒரே ஒரு சிவந்த பழம். பக்கத்தில் வைத்திருந்த துணைத்தொட்டியைத்தான் காணவில்லை.

மரம் எந்த மண்ணில் வளர்ந்ததோ அந்த மண்ணின் புல்லையோ பூண்டையோ உள்ளங்கையளவு தொட்டியில் நட்டு, மரத்துக்குத் துணையாக வைப்பது போன்சாய் சங்கத்தின் வழக்கம். டாக்டர் வைத்திருந்தது கடையில் வாங்கிய நீலப்பூச்செடி. இப்போது அந்த இடத்தில் ஓர் உடைந்த ஓட்டுச்சில்லு. அதில் கரும்பாசிக்கு நடுவே தொட்டாற்சுருங்கி.

தொட்டுப் பார்த்தார். இலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

“எவனோ பொறாமை பிடிச்சவன்” என்று அதைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தார்.

“பொறாமை பிடிச்சவன் மரத்தை ஒடிப்பான். புல்லு ஏங்க வைக்கிறான்?” என்றாள் மனைவி.

மறுநாள் காலை அதே இடத்தில் அதே தொட்டாற்சுருங்கி இருந்தது. நேற்று எறிந்தபோது ஒடிந்த கிளை ஒடிந்தபடியே தொங்கியது. பாசிக்குள் பாதி புதைந்து ஒரு பச்சைக் கோலிக்குண்டு.

டாக்டர் குனிந்து பார்த்தார். அந்தக் கோலியை அவர் பார்த்திருக்கிறார்.

சில வருஷங்களுக்கு முன்பு, ஊருக்கு வெளியே, மதில் சரிந்த ஒரு பழைய இடுகாடு. அங்கே ஒரு சின்ன மேட்டின்மேல் நின்றது மாதுளை. அதன் அடியைச் சுற்றிக் கோலிக்குண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. மழைக்கு மண் இளகியிருந்ததால் வேர் சுலபமாக வந்துவிட்டது. “கேட்பாரில்லாத மரம்” என்று சொல்லித்தான் டிக்கியில் ஏற்றினார். மனைவி அன்றைக்குக் காரைவிட்டு இறங்கவேயில்லை.

இப்போது மரத்தடியில் இருக்கும் அட்டை சொல்கிறது: ‘விதையிலிருந்து வளர்த்தது. வளர்த்தவர், சங்கச் செயலாளர்.’

காட்டில் தோண்டிய மரத்தைக் காட்சிக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு வாத்தியாரைச் சங்கத்தைவிட்டே நீக்கியதும் செயலாளரான இதே டாக்டர்தான். “திருட்டு மரம் எவ்வளவு அழகா இருந்தாலும் திருட்டு மரம்தான்” என்று மைக் பிடித்துப் பேசியிருந்தார். கைதட்டல்கூடக் கிடைத்தது.

“யாரோ பார்த்திருக்காங்க” என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார்.

“பார்க்கிறதுக்கு அங்க யாருங்க இருந்தா? படுத்திருக்கிறவங்களைத் தவிர?”

“வாயை மூடு. நாளைக்கு நடுவருங்க வராங்க. இது வெளிய வந்தா பரிசு மட்டுமா போகும்? மானமே போயிடும்.”

தொட்டி மறுபடியும் குப்பைக்குப் போனது. காவலாளியைப் பிடித்து உலுக்கினார்.

“பூட்டிட்டா சாவி என்கிட்டகூட இருக்காது சார். வெளியாளுன்னு ஒரு ஈ காக்காகூட உள்ள வரல.”

அடுத்த நாள் மண்டபம் திறக்கும் முன்பே வந்துவிட்டார். பக்கக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே விளக்கு போடவில்லை. மேல் ஜன்னல்களிலிருந்து சாம்பல் நிறத்தில் வெளிச்சம் இறங்கியது. மரங்கள் வரிசையாக, அசையாமல், யாரோ பேசுவதைக் கேட்பதுபோல நின்றன.

நிஜமாகவே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எழுந்துட்டியா? இன்னிக்கும் கூட்டம் வரும். பயப்படாம இரு.”

டாக்டர் சட்டென்று நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

மாதுளைக்கு முன்னால் மண்டபத்து மேனேஜரம்மா குனிந்து நின்றிருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. கையில் அந்த ஓட்டுச்சில்லு.

“நீங்களா!”

அவள் திடுக்கிடவில்லை. “வாங்க சார்” என்றாள், தன் வீட்டுக்கு வந்தவரை அழைப்பதுபோல.

“என்ன வேணும் உங்களுக்கு? நடுவருங்ககிட்ட சொல்லணும்னா சொல்லித் தொலைங்க. ஏன் இப்படிப் பயமுறுத்துறீங்க?”

“பயமுறுத்தவா? ஐயோ, இல்ல சார்.” அவள் மரத்தின் முறுக்கை விரலால் தடவினாள். “இது கன்னா இருக்கும்போது காத்துல சாயும். நான்தான் துணி சுத்திக் கட்டினேன். அதான் இப்படித் திருகிடுச்சு. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு எனக்கு.”

“நீங்க... நட்டதா?”

“என் பொண்ணு துப்பின விதை. வாசல்ல முளைச்சுது. அவளை அங்க வெச்சப்போ இதையும் பிடுங்கிட்டுப் போய் அவ மேலேயே வெச்சேன்.”

ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவருக்குத் தன் வாய் திறக்கவில்லை.

“அந்த இடத்துல ரோடு போடப் போறாங்கன்னு சொன்னாங்க. மரத்தை எடுக்க ஆளோட ஓடினேன். குழிதான் இருந்துச்சு. அவ மேல முளைச்ச செடியையும் அவ கோலியையும் மட்டும் அள்ளிட்டு வந்தேன். மறுநாள் மிஷின் வந்து எல்லாத்தையும் தட்டையாக்கிடுச்சு.”

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம். நடுவர்கள் வந்துவிட்டார்கள்.

டாக்டரின் கை அட்டையை நோக்கிப் போனது. எடுப்பதா, விடுவதா என்று அதற்கே தெரியவில்லை.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். நீங்க அன்னிக்கு எடுக்கலைன்னா இதுவும் போயிருக்கும். நல்லாவும் வளர்க்கிறீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அவள் ஓட்டுச்சில்லை மாதுளையின் அருகில், இன்னும் கொஞ்சம் அருகில், ஒட்டி வைத்தாள்.

“இதை மட்டும் இனிமே தூக்கிப் போட்டுடாதீங்க சார். அவ தனியாத் தூங்கிப் பழகல.”