கண்ணை மூடிட்டாரு

காவலாளி ஒரு நிமிஷம் கண்ணயர்ந்ததைப் படம் பிடித்து, 'பெருசு கண்ணை மூடிட்டாரு' என்று ஆலை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அவர் வேலைக்கு உலை வைத்தவர் சூப்பர்வைசர். அந்த அவமானத்திலேயே கிழவர் நிஜமாகக் கண்ணை மூடினார். போனையும் அவரோடு புதைத்தார்கள்.

இன்று அதே குழுவில் வெட்டி வாக்குவாதம், எப்படிப் படுத்தால் நல்ல தூக்கம் வரும் என்று.

"குப்புறப் படுங்கப்பா."

"மாமா, உனக்கு நின்னாலே தூக்கம் வருமே!"

"நான் மல்லாந்துதான். வாய்கூடத் திறக்காது" என்று பீற்றிக்கொண்டார் சூப்பர்வைசர்.

"புளுகாதீங்க சார்." காவலாளியின் எண்ணிலிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு படம். இன்று காலைதான் பிரித்துப் போட்ட புதுச்சட்டையோடு, வாயைப் பிளந்து கிடக்கிறார் சூப்பர்வைசர். கீழே, 'சார் கண்ணை மூடிட்டாரு'.

"யோவ், நான் உயிரோடதான்யா இருக்கேன்!" என்று பதறிப்போய் டைப் அடித்தார். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. 'ஆழ்ந்த இரங்கல்' மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது.