மூன்று பேர் குரூப்

ஆரப்பாளையத்துச் சேலைக் கடையின் பின்னறையில் மூன்று டிபன் பாக்ஸ்கள் திறந்திருக்கின்றன. பக்கத்தில் மூன்று போன்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. நேற்றுவரை அவை கவிழ்ந்து கிடந்ததில்லை. "உக்கார விடாத கடையில ஸ்டூலு எதுக்கு, அழகு பாக்கவா?" என்று முனீஸ்வரி நேற்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியதை, இன்று காலையில் மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளிடமே சொல்லிக் காட்டிவிட்டார். குரூப்பில் இருப்பதோ இந்த மூன்று பேர்தான். டியூப் லைட் விட்டுவிட்டுத் துடிக்கிறது. சபிஹா நீட்டும் ஊறுகாயை முனீஸ்வரி தொடவில்லை. பில் போடும் தாமரைச்செல்வி தலை நிமிராமல் சோற்றைப் பிசைகிறாள். "அல்லா மேல சத்தியமா நான் சொல்லலக்கா" என்கிறாள் சபிஹா. "ஒன்னைய யாரு கேட்டா?" முனீஸ்வரி இடது கையால் போனை எடுத்து, 'நான் போறேன்' என்று குரூப்பில் தட்டி அனுப்புகிறாள். மற்ற இரண்டு போன்களும் கவிழ்ந்தபடியே அதிர்கின்றன. கூடவே தடுப்புக்கு வெளியே, பில் போடும் கம்ப்யூட்டர் 'டிங்' என்கிறது. தாமரைச்செல்வியின் கை சோற்றிலேயே நின்றுவிடுகிறது. "போன வாரம் பில்லு அனுப்ப என் வாட்ஸ்அப்ப அந்தக் கம்ப்யூட்டர்ல தொறந்தேன்... மூடலையேக்கா." வெளியே நாற்காலி கிரீச்சிடுகிறது. மேனேஜரின் குரல் நிதானமாக வருகிறது. "எங்கம்மா போற, முனீஸ்வரி?"